புகையின் பங்கு

“அப்ப நான்தானே மேடம் காரணம்? ஆர்டர் போட்டதெல்லாம் நான்தானே?” என்று கேட்டாள் அந்தப் பெண்.

அவளுடைய கணவனுக்கு முப்பத்தாறு வயது. பெருங்குடலில் புற்றுநோய். எதிரே இருந்த திரையில் அவன் நோயின் காரணங்கள் ஒரு வட்டத்துக்குள் வண்ண வண்ணமாகப் பிரிந்து நின்றன. காலையிலிருந்து இரவு வரை நாற்காலியை விட்டு எழாத வேலைக்கு ஒரு துண்டு. தூக்கம் கெட்டதற்கு ஒரு துண்டு. வாரத்தில் பாதி நாள் பொட்டலமாக வந்த சாப்பாட்டுக்குச் சற்றுப் பெரிய துண்டு. அவள் அந்தத் துண்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“ரெண்டு பேருமே வேலை முடிஞ்சு வர்றப்போ உசிரே இருக்காது மேடம். அதுக்கு மேல எங்க சமைக்கறது? இவருக்கு எது பிடிக்கும்னு பாத்துப் பாத்துதான் ஆர்டர் போடுவேன்.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமியார் தன் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டார். மேசைக்கு எதிரே இருந்த ஆலோசகர் அமுதினி அதைக் கவனித்தாள். இந்த அறையில் குடும்பங்கள் பிரிவது இப்படித்தான் தொடங்கும்.

“இங்க பாருங்கம்மா. இந்தச் சாம்பல் நிறத் துண்டு இருக்கே, இது தற்செயல். செல் ஒண்ணு ரெண்டாப் பிரியறப்போ தானாவே நடக்கற பிழை. இதுக்கு யாரும் பொறுப்பில்ல. மத்ததெல்லாம் அந்தப் பிழைக்கு வாய்ப்பைக் கூட்டுது, அவ்வளவுதான். இதே மாதிரி சாப்பிட்ட எத்தனையோ பேருக்கு ஒண்ணும் ஆகல.”

அவர்கள் தலையாட்டினார்கள். சாம்பல் நிறத்தை மட்டும் யாரும் பார்க்கவில்லை. யாரும் எப்போதும் பார்ப்பதில்லை.

சென்னையின் பெரிய புற்றுநோய் மருத்துவமனை ஒன்றில் அமுதினி காரண ஆலோசகராக இருந்தாள். ஜனங்கள் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. ‘பங்கு சொல்ற பொண்ணு’ என்பார்கள்.

ஒவ்வொரு பழக்கமும் உடம்பின் செல்லுக்குள் தனக்கென்று ஒரு தழும்பை விட்டுவிட்டுப் போகிறது. கட்டியிலிருந்து ஒரு துளி எடுத்து, அந்தத் தழும்புகளைப் படித்து, எதனால் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லும் முறை வந்தபோது எல்லோரும் கொண்டாடினார்கள். கெடுப்பது எதுவென்று தெரிந்துவிட்டால் நகரம் திருந்திவிடும் என்று நம்பினார்கள். நடந்தது வேறு. இந்தப் பகுப்பு இல்லாமல் சிகிச்சைக்குப் பணம் தர மாட்டோம் என்றன காப்பீட்டு நிறுவனங்கள். அலுவலகங்கள் வக்கீல் வைத்து, இரவு வேலையின் பங்கைக் குறைத்துக் காட்டி வீட்டுச் சமையலின் பங்கைக் கூட்டப் பார்த்தன. சாலையின் மீதும் அலுவலகத்தின் மீதும் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது? ஜனங்கள் கைக்கெட்டிய ஆளின் மீது கோபப்பட்டார்கள். ‘உன் பங்கு எவ்வளவு?’ என்பது சண்டையில் கேட்கிற கேள்வியாகிவிட்டது. குடும்ப நீதிமன்றத்துக்கு அந்த வட்டப் படத்தோடு வருபவர்கள் அதிகமானார்கள்.

அமுதினியின் வீட்டுக்கும் அந்த வட்டம் வந்தது. அப்போது அவள் கல்லூரியில் முதல் வருடம் படித்துக்கொண்டிருந்தாள்.

அவளுடைய அம்மா கோமளா வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே இரவு வேலை பார்த்தவள். புகை பிடிக்காதவள். அவளுக்கு நுரையீரலில் புற்று என்றதும் யாருக்கும் நம்ப முடியவில்லை. பகுப்பு வந்தது. வட்டத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகக் கறுப்பாக ஒரு துண்டு; அதன்மேல் ‘புகை’ என்று எழுதியிருந்தது. வீட்டில் புகை பிடிப்பவர் ஒருவர்தான். அப்பா வேதகிரி. கண்டெய்னர் லாரி ஓட்டுநர். வீட்டுக்கு வரும் நாட்களில் பால்கனியில் நின்று சிகரெட் பிடிப்பார்.

மருத்துவமனை நடைபாதையில், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, கோமளாவின் அண்ணன் கஜேந்திரன் வேதகிரியின் சட்டையைப் பிடித்தார். “என் தங்கச்சியக் கொன்னுட்டியேடா,” என்றார். வேதகிரி அதை விடுவித்துக்கொள்ளவில்லை.

அன்றோடு அவர் சிகரெட்டை விட்டார். வேலையை விட்டார். கோமளாவுக்குக் கஞ்சி வைத்தார், துணி துவைத்தார், மருந்து வாங்க அலைந்தார். ஆனால் அவள் படுத்திருந்த அறைக்குள் போக மாட்டார். தன் தோலிலும் மூச்சிலும் இன்னும் புகை இருப்பதாக அவருக்கு ஓர் எண்ணம். குளித்துவிட்டு வருவார், சட்டை மாற்றுவார், கதவுவரை வருவார், அங்கேயே தரையில் உட்கார்ந்துவிடுவார். உள்ளிருந்து கோமளா கூப்பிடுவாள். “அவர உள்ள வரச் சொல்லு அம்மு. எனக்கு ஒண்ணும் ஆகாது, வரச் சொல்லு.” அமுதினி வெளியே வந்து சொல்வாள். அவர் தலையைக் குனிந்துகொள்வார்.

கோமளா போனபிறகு, காரியம் முடிந்த வாரத்தில், அமுதினி கல்லூரியிலிருந்து திரும்பியபோது வீடு பூட்டியிருந்தது. சாவி பக்கத்து வீட்டில் இருந்தது. அப்பாவின் தொலைபேசி எண் அதற்குப் பிறகு இயங்கவில்லை.

பன்னிரண்டு வருடங்கள் போயின.

ஒரு நாள் பரிசோதனைக் கூடத்தின் தலைவி டாக்டர் நஸ்ரின் அமுதினியைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

“தழும்பைப் படிக்கற பழைய ரீடர்ல புகைன்னு ஒரே ஒரு கட்டம்தான் இருந்துச்சு, தெரியும்ல உனக்கு?”

“தெரியும் டாக்டர்.”

“சிகரெட் புகை, ரோட்டுத் தூசி, எல்லாத்தையும் அது அந்த ஒரே கட்டத்துல கொட்டிடும். வீட்ல யாராவது சிகரெட் பிடிக்கறாங்கன்னா நாம அவங்க பேர்ல எழுதிடுவோம். இப்ப வந்திருக்கற ரீடர் ரெண்டையும் தனித்தனியாப் பிரிச்சிடுது. போன மாசம் சோதிச்சுப் பாத்தோம். பழைய கேஸ்ல பாதிக்கு மேல தப்பு.”

“ரோட்டுத் தூசின்னா... இப்பத்தான் எல்லாம் மின்சார வண்டியா ஆயிடுச்சே?”

“புகைதான் நின்னுது. டயர் தேயறது நிக்கலையே. பிரேக் தேயறது நிக்கலையே. பேட்டரி வண்டி கனம் ஜாஸ்தி, இன்னும் ஜாஸ்தியாத் தேயும். ரோட்டை ஒட்டி இருக்கறவங்க வருஷக் கணக்கா அதைத்தான் சுவாசிக்கறாங்க.”

“பழைய கேஸை எல்லாம் திரும்பப் படிப்பீங்களா?”

“சேம்பிள் ஃப்ரீசர்ல பத்திரமா இருக்கு. ஆனா குடும்பத்துல ஒருத்தர் கேக்கணும். கேப்பாங்கன்னு நான் நம்பல. அடிச்சுக்கிட்டுப் பிரிஞ்சு போன வீடுங்க. மறுபடி யார் தோண்டுவாங்க?”

“நான் கேக்கறேன் டாக்டர். கோமளா வேதகிரி.”

நஸ்ரின் பெயரைக் குறித்துக்கொண்டார். “ரிசல்ட் வந்ததும் என்னோட உக்காந்து பாரு. தனியாப் பாக்காத,” என்றார்.

அமுதினி தனியாகத்தான் பார்த்தாள். தினமும் பிறருக்குக் காட்டும் அதே திரை, அதே வட்டம். பெரிய துண்டு சாம்பல் நிறம், தற்செயல். இரவு வேலைக்கும் வெளிச்சத்தில் கெட்ட தூக்கத்துக்கும் ஒரு சிறு துண்டு. சிகரெட்டைத் தேடினாள். கண்ணுக்குத் தெரியாமல் விரலால் பெரிதாக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. நகக் கீறல் போல ஒரு கோடு. அவள் மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். ‘அப்பா, நீங்க இல்லப்பா’ என்று வாய்விட்டே சொன்னாள்.

தலையை நிமிர்த்தியபோதுதான் பச்சைத் துண்டு கண்ணில் பட்டது. சாம்பலுக்கு அடுத்தபடியாக அதுதான் பெரிது. சாலைத் தூசி.

அவளுக்குப் பத்து வயதிருக்கும்போது நல்ல பள்ளிக்கூடம் ஒன்றில் இடம் கிடைத்தது. வீட்டிலிருந்து வெகு தூரம். பள்ளிக்குப் பக்கத்திலேயே குடிபோகலாம் என்று வீடு தேடினார்கள். இரண்டு வீடுகள் தகைந்தன. ஒன்று உள்ளே தள்ளி, சந்துக்குள். இன்னொன்று மேம்பாலத்தை ஒட்டிய குடியிருப்பில், மூன்றாவது மாடி. பாலத்தின் சாலை அந்த வீட்டின் பால்கனிக்கு நேர் எதிரே ஓடியது. வண்டிகளின் விளக்குகள் ஆறு போல நகர்வதைப் பார்த்து அவள் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். ‘இந்த வீடுதான் வேணும், இந்த வீடுதான் வேணும்’ என்று அழுது அடம்பிடித்தாள். அம்மாவுக்கு ஏசி ஒத்துக்கொள்ளாது. இரவெல்லாம் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு, கணினி முன்னால் உட்கார்ந்திருப்பாள்.

அமுதினி திரையை அணைத்தாள். அந்த அறையில் எத்தனையோ பேர் கேட்ட கேள்வி இப்போது அவளுடைய நெஞ்சில் உட்கார்ந்திருந்தது. அப்ப நான்தானே காரணம்? அவர்களுக்குச் சொன்ன பதில் எல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஒன்றும் உதவவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டுக்குப் போனாள். கஜேந்திரனுக்கு வயதாகிவிட்டது; சர்க்கரையில் ஒரு கண் மங்கிவிட்டது. அவள் சொல்லச் சொல்ல அவர் சோபாவின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“சிகரெட் இல்லியா?”

“இல்ல மாமா. ரொம்ப ரொம்பக் கொஞ்சம்.”

“நான் அவன் சட்டையப் புடிச்சேனேம்மா. அத்தனை பேரு எதிர்ல.” கொஞ்ச நேரம் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, “அவன் தூத்துக்குடியில இருக்கான்,” என்றார்.

அமுதினி எழுந்து நின்றுவிட்டாள். “உங்களுக்குத் தெரியுமா?”

“எப்பவாவது ஃபோன் பண்ணுவான். உன்னைப் பத்திக் கேப்பான். புள்ள நல்லா இருக்காளா, சளி கிளி இல்லியே, அவ்ளோதான். வெச்சுடுவான். உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான் அம்மு. எங்கிட்ட பேசறானே, அதுவே பெருசுன்னு நானும் வாய மூடிக்கினு இருந்தேன்.”

அவளுக்கு மாமாவின் மீது கோபம் வரவில்லை. அவருடைய பார்வை மங்கிய கண்ணிலும் நீர் வந்ததைப் பார்த்தபடி நின்றாள்.

ரயில் பகலில் ஓடியது. செங்கல்பட்டு, திண்டிவனம், விழுப்புரம். அவளுடைய சின்ன வயதில் அப்பா வண்டி ஓட்டிக்கொண்டே தொலைபேசியில் பேசுவார். ‘இப்ப திண்டிவனம் தாண்டறேன் அம்மு. இங்க மழை தூறுது. இப்ப விக்கிரவாண்டி, டீ குடிக்கப் போறேன்.’ ஊர்ப் பெயர்களைக் கேட்டபடியே அவள் தூங்கிப்போவாள். அவர் இல்லாத இந்த வருடங்களில் அவளுக்கு இரண்டு மூன்று வரன்கள் வந்தன. ஒருவனைப் பிடித்தும் இருந்தது. ‘அப்பா என்ன பண்றார்?’ என்று அவன் வீட்டில் கேட்டபோது அவளால் ஒரு வாக்கியம் சொல்ல முடியவில்லை. அம்மாவை நினைத்து ஏங்குவதற்கு ஓர் எல்லை இருந்தது. அவள் இல்லை என்பது தெரியும். அப்பா ஏதோ ஓர் ஊரில் சாப்பிட்டுக்கொண்டும் தூங்கிக்கொண்டும் இருந்தார். அந்த ஏக்கத்துக்கு எல்லையே இல்லை.

தூத்துக்குடியில் துறைமுகச் சாலையில் சரக்கு வண்டிகள் மின்னேற்றிக்கொள்ளும் நிலையம் அது. ஓட்டுநர் இல்லாத வண்டிகள் வரிசையாக வந்து நின்றன. வாசலில் இருந்த பெண்மணி, “வேதகிரி அண்ணாச்சியா? அன்னா, அந்தக் கடைசிக் கொட்டகையில நிப்பாங்க பாருங்க,” என்று கைகாட்டினாள்.

அவர் ஒரு வண்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். முதுகு கூனியிருந்தது. தலை முழுக்க வெள்ளை.

“அப்பா,” என்று கூப்பிட்டாள். அவர் திரும்பவில்லை. அந்த இடத்தில் தன்னை அப்படிக் கூப்பிட ஒருவர் உண்டு என்று அவர் நினைத்திருக்க மாட்டார். “அப்பா, நான் அம்மு.”

துணி கையிலிருந்து விழுந்தது. அவர் ஓர் அடி முன்னால் வைத்து, நின்றுவிட்டார். அவர் கேட்ட முதல் கேள்வி, “உனக்கு உடம்பு கிடம்பு ஒண்ணும் இல்லியே?”

“இல்லப்பா. நல்லா இருக்கேன்.”

“பின்ன எதுக்கு வந்த?” என்றவர், குனிந்து துணியை எடுத்துக்கொண்டு, “உக்காரு,” என்றார்.

கொட்டகையின் ஓரத்தில் ஒரு பெஞ்சு இருந்தது. அவர் கொஞ்சம் தள்ளியே உட்கார்ந்தார். டீ வாங்கித் தந்தார். அமுதினி எல்லாவற்றையும் சொன்னாள். புது ரீடர், பழைய கட்டம், ஃப்ரீசரில் இருந்த அம்மாவின் ஒரு துளி. அவர் டீயைக் குடிக்காமல் கேட்டார். முடிவில் லேசாகச் சிரித்தார்.

“ஆறுதல் சொல்றதுதானே உன் வேலை? கஜேந்திரன் சொன்னான். எனக்கும் சொல்ல வந்துட்ட.”

“பொய் சொல்லலப்பா. நீங்களே பாருங்க.” தொலைபேசியில் வட்டத்தைக் காட்டினாள். விரலால் பெரிதாக்கி அந்தக் கோட்டைத் தொட்டாள். “இதுதான் சிகரெட். நீங்க பிடிச்சது, அக்கம்பக்கத்துல பிடிச்சது, கடையில, பஸ் ஸ்டாண்டுல யாரோ பிடிச்சது, எல்லாம் சேத்து.”

“இவ்ளோதானா?”

“இவ்ளோதான்பா.”

அவர் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு வண்டி வந்து நின்று, மின்னேற்றிக்கொண்டு, தானாகப் பின்வாங்கிக் கிளம்பிப் போனது.

“அப்ப நான் வெளிய உக்காந்திருந்தது?” என்று கேட்டார்.

அமுதினி தொலைபேசியை மடியில் வைத்தாள்.

“உங்கம்மா கூப்பிட்டுக்கினே இருந்தா. நீ வந்து சொல்றதுக்கு முன்னாடியே எனக்குக் கேக்கும். அவ மெதுவாத்தான் கூப்பிடுவா, ஆனா கேக்கும். நான் போயிருக்கலாமில்ல? பக்கத்துல உக்காந்திருக்கலாமில்ல?”

“அப்பா...”

“கையப் புடிச்சிருக்கலாம்மா.”

அவர் அழவில்லை. அழுதிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். உள்ளங்கைகளை முழங்காலின் மேல் விரித்து வைத்துக்கொண்டு அவற்றையே பார்த்தார். உண்மையைக் கொண்டுவந்து தந்தால் அப்பாவின் பாரம் இறங்கிவிடும் என்று நினைத்துத்தான் அவள் ரயிலேறினாள். அந்த உண்மை அவரிடமிருந்து கோமளாவின் கடைசி மாதங்களைத் திரும்பவும் பறித்துக்கொண்டது.

பிறகு அவர் தொலைபேசியைக் கேட்டு வாங்கினார். “இந்தப் பச்சை இன்னாது?”

“அது... ஊர்க் காத்துப்பா. எல்லாருக்கும் இருக்கறதுதான்.”

“எல்லாருக்கும் இவ்ளோவா?”

“ஆளுக்கு ஆள் மாறும்.”

வேதகிரி அவளை நிமிர்ந்து பார்த்தார். “நீ சின்னப் புள்ளையில பொய் சொன்னா காதைத் தொடுவ. இப்பவும் தொடற. பாலமா?”

அவள் கையைக் கீழே இறக்கினாள். தலையசைத்தாள்.

“நான் அடம்புடிச்சேன்பா. அந்தச் சந்து வீடு வேணாம்னு அழுதேன். அம்மாவுக்கும் சந்து வீடுதான் பிடிச்சிருந்துது. எனக்காகத்தான்...”

“ஏய்.” அவர் குரல் உயர்ந்தது. “பத்து வயசுப் புள்ள விளக்கப் பாத்து ஆசப்பட்டுது. அது ஒரு காரணமா? வண்டி ஓட்டறவன் நான். டயர் எவ்ளோ தேயும், தேஞ்சது எங்க போவும்னு எனக்குத்தான் தெரியணும். சாயங்காலம் பால்கனியத் தொடச்சா துணி கறுப்பா வரும். தெனம் நானே பாத்திருக்கேன். வீட்டப் பேசி முடிச்சது நான். சாமான் ஏத்தனது நான். நீ இதுல வராத.”

அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. பழகிய சுமையை வேறு தோளுக்கு மாற்றிக்கொண்டவர் போல இருந்தார். அமுதினி தன் வேலையில் எத்தனையோ பேர் பங்கைத் தள்ளிவிடுவதைப் பார்த்திருக்கிறாள். பறித்துக்கொள்பவரை இன்றுதான் பார்த்தாள்.

“யாரும் எடுத்துக்க வேணாம்பா. இந்தச் சாம்பல் கலரைப் பாருங்க. இதுதான் இருக்கறதுலயே பெருசு. சும்மா நடந்தது. யாராலயும் இல்ல.”

அவர் உண்மையிலேயே பார்த்தார். விரலால் அதன் ஓரத்தைச் சுற்றிக்கொண்டு வந்தார். “சும்மாவா?” என்றார். “சும்மாவே ஒருத்தி போயிடுவாளா?”

“போவாங்கப்பா.”

அவர் தொலைபேசியைத் திருப்பித் தந்தார். தள்ளி உட்கார்ந்திருந்தவர் மெல்ல நகர்ந்து அவள் பக்கத்தில் வந்தார். தயங்கி, அவள் தலையில் கை வைத்தார். அந்தக் கையின் கனத்தை அவள் கண்ணை மூடி வாங்கிக்கொண்டாள்.

“ஒல்லியாயிட்ட,” என்றார். “எங்க தங்கியிருக்க இப்ப? ஆஸ்டலா?”

அவள் டீ டம்ளரைக் கீழே வைத்தாள்.

“அம்மு. எங்க இருக்க?”

“அங்கதான்பா.”

“எங்க?”

“அந்த வீட்லதான். மூணாவது மாடி.”

அவருடைய கை அவள் தலையிலிருந்து எழுந்தது. “இத்தன வருஷமா? அந்தப் பாலத்து மேலயா? ஊருக்கெல்லாம் பங்கு சொல்றவ நீ! ரோட்டுத் தூசின்னா இன்னான்னு உனக்குத் தெரியாதா? வேற வீடா கெடைக்கல?”

“கெடைச்சுதுப்பா. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துலயே குவார்ட்டர்ஸ் குடுத்தாங்க. போகல.”

“ஏன்?”

“நீங்க ஃபோன் நம்பரை மாத்திட்டீங்க. என் நம்பர் உங்ககிட்ட இருக்கா இல்லையான்னு தெரியல. உங்களுக்குத் தெரிஞ்ச இடம் அது ஒண்ணுதான். என்னிக்காவது திரும்பி வந்தா அங்கதானே வருவீங்க? பூட்டியிருந்தா போயிடுவீங்கன்னு...”

வேதகிரி எழுந்தார். கொட்டகையின் மறுகோடிவரை நடந்தார், திரும்பி வந்தார். பெஞ்சின் மேல் கிடந்த தன் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். பொத்தான்கள் ஒன்றுக்கொன்று தவறிப் போயின. அவிழ்த்து மறுபடி போட்டார்.

“இரு. சூப்பர்வைசர் கிட்ட சொல்லிட்டு வந்துடறேன்.”

“என்னன்னுப்பா?”

“ஊருக்குப் போறேன்னுதான். மொதல்ல ஆஸ்பத்திரி. உன் நெஞ்ச ஸ்கேன் எடுத்துப் பாக்கணும். நான் கூட வருவேன், உள்ள வரைக்கும் வருவேன். அப்புறம் வீடு. பாலமும் வேணாம், ரோடும் வேணாம், உள்ள தள்ளிப் பாக்கலாம்.” போகத் திரும்பியவர் நின்றார். “சாமான் நெறைய இருக்கா? பெரிய வண்டி புடிக்கணுமா?”

“நெறைய இல்லப்பா. கட்டில், ஃப்ரிட்ஜ், அம்மாவோட பீரோ.”

“அந்தப் பீரோ லிஃப்ட்ல போவாது. ஏத்தறப்பவே படியிலதான் ஏத்தினோம்.” அவர் மனதுக்குள் படிகளின் திருப்பங்களை அளந்தார். “ரெண்டு ஆளு வேணும். ஒருத்தன் நான் இருக்கேன்.”

“இன்னொரு பக்கம் நான் பிடிக்கறேன்பா.”

அவர் அவளுடைய மெலிந்த கைகளைச் சந்தேகத்தோடு பார்த்தார்.

“பாக்கலாம்,” என்றார்.